சார்ஜ் ஏறாத மத்தியானம்

டிலானியை எனக்குக் குரலாகத்தான் தெரியும். அவள் கார் ஓட்ட வந்தபோது என் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. வலக்கண் இளவயதிலேயே கெட்டது. இடக்கண்ணும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட, மாத்தளை டவுனில் நான் நடத்திய பாத்திரக்கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போவதென்றால் டிலானியைக் கூப்பிடுகிறவனாகிவிட்டேன்.

உக்குவளைக்காரி. கார்மென்ட்டில் தைத்துக்கொண்டிருந்தவள், அதை விட்டு வாடகைக் காரில் ஹயர் ஓட்ட வந்தாள். ஸ்டாண்டில் சிரித்தார்கள். இப்போது அதே ஆட்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகளை அவள் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எனக்கு லேசில் யாரையும் பிடிக்காது. இவளைப் பிடிக்கும். வாயைத் திறந்தால் பொய் வராது, பிரேக்கை மிதித்தால் தலை முட்டாது.

ஒரே ஒரு பழக்கம்தான் எனக்கு எரிச்சல். முத்துமாரியம்மன் கோயில் வழியாக அடிக்கடி போகிறவள் என்று, கோயிலுக்கு வர முடியாதவர்கள் மஞ்சள் தடவிய காசை அவளிடம் கொடுத்துவிடுவார்கள். கியர் பக்கத்துத் தட்டில் போட்டு வைத்து, கோயில் வந்ததும் இறங்கி உண்டியலில் சேர்ப்பாள். ஒவ்வொரு முறையும் நான் காருக்குள் காத்துக் கிடக்க வேண்டும்.

"உன் காரு என்ன, உண்டியலா?" என்பேன்.

"சிரிங்கண்ணே, சிரிங்க" என்பாள்.

போன வருடம் கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் என் பெயரைப் பதிந்துகொண்டார்கள். இறந்தவர் ஒருவர் தானம் செய்த கண்படலம் கிடைத்தால் போனில் கூப்பிடுவார்கள், உடனே வர வேண்டும், போன் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிறகு ஒருநாள், இந்த வாரத்தில் எந்நேரமும் அழைப்பு வரலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தும் நான் வீட்டில் இருக்கவில்லை. லக்கலையில் பழைய சிநேகிதன் மகளுக்குக் கல்யாணம். போகாவிட்டால் மரியாதை இல்லை என்று பிடிவாதமாகப் புறப்பட்டேன்.

அங்கே முதல்நாள் யானை மின்கம்பத்தைச் சாய்த்திருந்தது. கரண்ட் இல்லை. சிக்னலைத் தேடித் தேடியே டிலானியின் போன் முதலில் செத்தது. திரும்பும் வழியில் மலை ஏறத் தொடங்கியபோது என் போனும் அணைந்தது. சார்ஜர் காரின் சாக்கெட்டில் செருகித்தான் இருந்தது. ஒரு சொட்டு ஏறவில்லை. ரோட்டில் கடையும் இல்லை, வீடும் இல்லை.

மேலே போனால் சிக்னல் கிடைக்கும், ஆனால் போனுக்கு உயிர் இல்லை. கோபம் அவள்மேல் பாய்ந்தது.

"காரையே ஒழுங்கா வச்சிக்கத் தெரியாதா?"

அவள் காரை ஓரங்கட்டினாள். கார்மென்ட்டில் மெஷின் நின்றால் முதலில் நூலைப் பார், மோட்டரைக் கடைசியில் பார் என்று பழக்கியிருந்தார்களாம். அதே முறைதான். வயரை மாற்றினாள். போனின் துளையை ஊதினாள். சார்ஜரைக் கழற்றித் திரும்பச் செருகினாள். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பியூஸைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"பியூஸ் போயிருச்சுண்ணே. ஸ்பேர் ஒண்ணு இருக்கு."

மாற்றிவிட்டுச் சார்ஜரைச் செருகியதும் அதுவும் போனது.

"சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் இருந்தா சுத்திப் போடு, பிள்ளை" என்றேன். என் கடை வேனில் அப்படித்தான் ஓட்டினோம்.

"வயரு எரிஞ்சா காரும் போகும், நாமளும் போவோம். புதுசும் உடனே போகுதுன்னா உள்ளுக்க என்னமோ முட்டுது."

எஞ்சினை நிறுத்தினாள். பியூஸ் இல்லாததால் சாக்கெட்டில் கரண்ட் இல்லை. முகத்தை அதன் வாயருகே கொண்டுபோனாள் போலிருக்கிறது, மூச்சுச் சத்தம் கேட்டது.

"என்ன?" என்றேன்.

"காசு. ஒரு ரூவாக் குத்தி. தட்டுல இருந்து உருண்டு உள்ளுக்க விழுந்து, அடியில போய் அப்பிடியே படுத்துக் கெடக்கு."

கல்யாண வீட்டில் எனக்குத் தந்த பலாக்காய் பின்சீட்டில் கிடந்தது. அதன் காம்பைக் கீறி, வடிந்த பாலை ஒரு குச்சி நுனியில் தொட்டு, உள்ளே விட்டு ஒட்டவைத்து இழுத்தாள். இரண்டு தரம் வழுக்கி விழுந்தது. மூன்றாம் தரம் வந்தது. காசை என் உள்ளங்கையில் வைத்தாள். பிசுபிசுப்புக்கு மேலாக மஞ்சள் வாசம் அடித்தது.

"நான் சொன்னேனா இல்லையா?" என்று கத்தினேன். "எவளோ வச்ச நேர்த்திக்கு என் கண்ணு போகப் பாத்துச்சு. யாரு குடுத்த காசு இது?"

அவள் ரேடியோவின் பியூஸைப் பிடுங்கிச் சாக்கெட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தாண்ணே. காலைல வீட்டுல இருந்து எடுத்து வந்தேன். ஒங்க கண்ணுக்குன்னு வேண்டிக்கிட்டு."

காசை விரல்களுக்குள் மூடிக்கொண்டேன். போன் டிங் என்று உயிர்த்தது. சாக்கெட் வேலை செய்தது.

மலை உச்சியைத் தாண்டி இறங்கும்போது போன் அடித்தது. கண்டியிலிருந்துதான். ஏற்கெனவே இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். இன்னும் கொஞ்சத்தில் அடுத்தவருக்குக் கொடுத்திருப்பார்களாம்.

மாத்தளை டவுனுக்குள் வந்தபோது, வாழ்க்கையில் முதல்தடவையாக, கோயிலில் நிறுத்தச் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை.

"அம்மன் எங்கயும் போயிற மாட்டா. கண்ணு வந்த பொறகு நீங்களே போடுங்க."

ஒப்பரேஷன் முடிந்து கண் தெளியச் சில மாதங்கள் ஆயின. தெளிந்ததும் அவளைத்தான் கூப்பிட்டேன். குரலை வைத்து உயரமான, வாட்டசாட்டமான பெண்ணை நினைத்து வைத்திருந்தேன். வாசலில் நின்ற காரில் ஒரு குருவி மாதிரி மனுஷி, ரோடு தெரிவதற்காக இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. சாக்கெட் வாயைப் போத்தல் மூடியால் அடைத்திருந்தாள்.

கோயிலில் காசை உண்டியலில் போட்டுவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவள் சாவியைத் திருகப் போனாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, பிள்ளை."

"ஏண்ணே?"

"ஒண்ணுமில்ல. பாக்கணும்."

அவள் திரும்பினாள். நான் பார்த்து முடிக்கும்வரை கார் அங்கேயே நின்றது.