அந்த அக்கா தாண்டிய இடம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஐப்பசி மாதம். கோவை உக்கடம் பக்கம் குளத்தைப் புதுப்பித்து, கரையில் நடைபாதையும் விளக்குகளும் போட்டிருந்தார்கள். குளத்தைப் பார்த்தபடி எழும்பிய புது அப்பார்ட்மெண்ட்டில், தரைத்தளத்தில் எங்கள் வீடு. முன்பு அங்கே குடிசைகள் இருந்தனவாம். "நல்லவேளை, காலி பண்ணிட்டாங்க" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலைக்கு ஓர் அக்கா வந்தார். ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே வந்ததும், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, காலை அகல வைத்துத் தாண்டிப் போவார். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் டைல்ஸ். தினமும் இப்படித்தான். எனக்கு என்னவோ போலிருக்கும். அந்த இடத்தில் மட்டும் தரை எப்போதும் ஜில்லென்று வேறு இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு லீவு. என் இரண்டு வயது மகள் ஓடி வந்தவள், அதே இடத்தில் நின்றாள். பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாண்டு தாண்டினாள். "என்னடி இது!" என்று திட்டி அவளைத் தூக்கிக்கொண்டேன்.

மறுநாள் சண்டைக்கே போய்விட்டேன். "ஏனுங்கக்கா, புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க? பேய் கீய்னு ஏதாச்சும்..."

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க அம்மணி. சன்னல்ல தெரியுதுங்களே புங்க மரம், நான் வெச்சதுங்க. இங்கதான் எங்க ஊடு. வாசல்ல வாய்க்கா ஓடும். தாண்டித் தாண்டிக் காலுக்குப் பழகிப்போச்சுங்க." வாய்க்காலை ஆக்கிரமித்ததாகச் சொல்லித்தான் அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பினார்களாம். இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கட்டிடத்துக்கு அடியில் மூடிய வாய்க்கால் என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அடைமழை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். மகள் டிவிக்கு எதிரே மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று குழாயை மூடினார். ஹாலுக்கு ஓடி, தரையில் காதை வைத்தார்.

"அம்மணி, வருதுங்க! மாடிக்கு ஏறுங்க!"

குழந்தையை வாரிக்கொண்டு அவர் ஓட, ஒன்றும் புரியாமல் நானும் பின்னால் ஓடினேன். பாதிப் படியில் நின்று, திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன். வாசல் பக்கம் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவர் தாண்டும் அந்த இடத்தில் டைல்ஸ் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து எழுந்தது, கோடு கிழித்த மாதிரி. கறுப்புத் தண்ணீர் பீறிட்டது. மகள் படுத்திருந்த மெத்தை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே அமிழ்ந்தது.

"அது வழியில அது போகுதுங்க" என்றார் அக்கா. வாய்க்கால் ஓரம் இருந்தவருக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பெயர். அதன் மேலேயே குடியேறிய எங்களுக்குப் பத்திரம், பேங்க் லோன் எல்லாம் உண்டு!

வாய்க்காலைத் திறந்துவிடச் சொல்லி அக்காவும் நானும் இன்றும் மனுவோடு அலைகிறோம். வேறு ஏரியாவுக்கு வீடு மாறியாயிற்று. மகளுக்கு ஆறு வயது. இந்தப் புது வீட்டு ஹாலிலும் சில நாள் ஏதோ ஓரிடத்தில் நின்று, காலை அகல வைத்துத் தாண்டுகிறாள். முன்பு போல நான் அவளைத் திட்டுவதில்லை. நமக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்று யோசித்தபடி, தரையில் காதை வைத்துக் கேட்கிறேன்.