சென்னையா, பம்பாயா, லண்டனா

நான் பெங்களூரில் பி.ஏ. தேறி வந்த வருஷம், எங்கள் ஜெபக்கூடத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் நான்தான். சட்டம் படிக்க என்னை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதில் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

என் அப்பா தங்க வயலில், நந்திதுர்க் சுரங்கத்தில் மர மேஸ்திரி. பாறை சரிந்து விழாமல் இருக்க அடியிலே மரத்தூண் நிறுத்துகிற வேலை. வேலூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து பிழைப்புக்கு வந்து, கம்பெனி கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைனில் ஒரு தட்டி வீட்டில் குடியேறியவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மகன் வக்கீலாக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஷிப்டு முடிந்து மேலே வருகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். வேட்டி மடிப்பிலோ சோற்றுத் தூக்கிலோ தங்கம் கலந்த கல் அகப்பட்டால் நேரே மாஜிஸ்திரேட் கோர்ட்டுதான். எங்கள் லைன் ஆள் ஒருவனுக்காக வக்கீல் என்று யாரும் எழுந்து நின்றதை அப்பா பார்த்ததில்லை. எடுத்தவனும் எடுக்காதவனும் ஒன்றாகவே ஜெயிலுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபக்கூடத்தை ஒட்டிய பள்ளிக்கூட அறையில் விவாதம் தொடங்கும். ஒரு பக்கம் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். எங்கள் சபைக்காரர்தான், ஆனால் மேல்சாதியிலிருந்து கிறிஸ்தவரான குடும்பம். இன்னொரு பக்கம் சுரங்க ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். அவர் தம்பி பம்பாயில் ரயில்வேயில் இருந்தான்.

"சென்னைதான். இந்த தேசத்துச் சட்டத்தை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற இடம் அது. சொத்துரிமை, தத்து, பாகப்பிரிவினை எல்லாம் அங்கே படித்தவனிடம் எவனும் வாயைத் திறக்க முடியாது" என்பார் வாத்தியார்.

"நம்ம ஆளுங்களுக்கு இன்னா சொத்து கீது, பாகம் பிரிக்க?" என்று கம்பவுண்டர் சிரிப்பார். "பம்பாய்க்கு அனுப்புங்க. பகல்ல ஒரு வேலை பாத்துக்கினே படிக்கலாம். வியாபாரச் சட்டம்னா பம்பாய்தான்."

கம்பெனி ஸ்டோர் குமாஸ்தா ஒருவர் இடையில் புகுந்து, லண்டனுக்கு மேல் எதுவும் இல்லை என்பார். அங்கே கூடத்தில் உட்கார்ந்து இத்தனை விருந்து சாப்பிட்டால்தான் பாரிஸ்டர் ஆக முடியும் என்று அவர் விளக்கியபோது அப்பா நம்பவில்லை.

"சாப்ட்டா வக்கீலா? அப்போ நம்ம லைன்ல எல்லாரும் பாரிஸ்டர்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எனக்காக மூன்று நகரங்கள் சண்டை போட்டுக்கொள்கின்றன என்று நினைத்தேன். எந்த ஊர்ப் பேராசிரியர் எந்தப் புத்தகம் எழுதியிருக்கிறார், எந்த ஊர்ப் பட்டத்துக்கு ஜட்ஜுகள் மதிப்புக் கொடுக்கிறார்கள், எங்கே பரீட்சை கடினம் என்று அவர்கள் பேசாத பேச்சில்லை. ஒருநாள் வாத்தியார் பம்பாய்ப் பட்டத்தை ஏதோ இளக்காரமாகச் சொல்லப்போக, கம்பவுண்டர் பெஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப்பின் அந்த இருவரும் ஜெபக்கூடத்தில் எதிர் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அப்பாவே முடித்துவைத்தார். "ரயில் ஏறுனா மறுநாள் போய்ச் சேர்ற ஊரு எதுவோ அங்க போ. செத்தா பொழைச்சா நான் வந்து பாக்கணும் இல்ல?"

சென்னைக்குப் போனேன்.

வாத்தியார் சொன்னதில் பொய் இல்லை. பாடம் நன்றாகவே நடந்தது. பேராசிரியர்கள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வகுப்பறைக்கு வெளியேதான் சென்னை வேறாக இருந்தது. மாணவர்கள் கூடித் தங்கிய வீடுகளில் என் பெயரைக் கேட்டார்கள், பிறகு ஊரை, பிறகு அப்பாவின் தொழிலை. அதற்குமேல் கேட்கத் தேவைப்படவில்லை. ஒரு கல்லறைத் தோட்டக் காவலாளி தன் வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம் கொடுத்தார். அங்கே சமைத்துச் சாப்பிட்டு, அங்கே படித்து, பி.எல். தேறினேன்.

பட்டம் மட்டும் போதாது. ஒரு வக்கீலிடம் தொழில் பழகி, பழகியதற்கு அவர் கையெழுத்து வாங்கினால்தான் கோர்ட்டில் எழுந்து நிற்கலாம். வக்கீல்கள் வீட்டிலேயே அலுவலகம் வைத்திருந்தார்கள். நான் வாசல் வாசலாக ஏறினேன். சிலர் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரம் போனால் வீட்டில் இல்லை என்று ஆள் வந்து சொன்னான். ஒருவர் மட்டும் என்னை நிற்கவைத்து நேராகப் பேசினார். நல்ல மனிதர், இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

"உன் மார்க்கைப் பார்த்தேன். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நீ இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் என் கட்சிக்காரர்கள் படியேற மாட்டார்கள். நான் என்ன செய்யட்டும், சொல்."

என்னை விரட்டியவர்களை மறந்துவிட்டேன். இவரை மறக்க முடியவில்லை. என்னிடமே தீர்ப்பை எழுதச் சொன்னவர் அவர்.

பெங்களூரிலும் முயன்றேன். அங்கும் ஒரு வக்கீலின் கையெழுத்து வேண்டியிருந்தது. அதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்க வயலுக்குத் திரும்பினேன்.

வாத்தியாரைப் பள்ளிக்கூட அறையிலேயே பிடித்தேன்.

"ஐயா, வக்கீல்கள் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"அத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசினீர்களே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே?"

"சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டாய். நம் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் பி.எல். என்று பெயர் வாங்க வேண்டுமென்று எனக்கு ஆசை. வாங்கிவிட்டாயே."

விஷயம் தெரிந்து கம்பவுண்டரும் வந்து சேர்ந்தார். எனக்காக வருத்தப்பட வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நான் அப்பவே சொன்னேனே! பம்பாய்க்கு அனுப்பியிருந்தா இந்தக் கதியே வந்திருக்காது. அங்க பார்சிக்காரங்க சேத்துப்பாங்க."

"பம்பாயில் மட்டும் என்ன தேவதூதர்களா தொழில் செய்கிறார்கள்?" என்றார் வாத்தியார்.

இத்தனை வருஷம் பேசாமலிருந்த இருவரும் என் முன்னாலேயே மறுபடி பேச ஆரம்பித்தார்கள். நான் வெளியே வந்ததைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை காலியாக இருந்தது. மாஜிஸ்திரேட் துரை இங்கிலீஷில் கேட்பதைக் கூலிக்காரர்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்ல ஆள் தேவை. சேர்ந்தேன். பி.எல். என்பதைப் பார்த்துத் துரை புருவத்தை உயர்த்தினார், அவ்வளவுதான்.

சேர்ந்த சில நாளிலேயே எங்கள் லைன் ஆள் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்பாவின் கீழே வேலை செய்தவர். அவருடைய சோற்றுத் தூக்கில் தங்கக் கல் இருந்ததாம். அடியில் எல்லோருடைய தூக்கையும் ஒரே இடத்தில்தான் வைப்பார்கள், யார் கையும் படலாம் என்பது லைனில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். காவல்காரன் சாட்சி சொன்னான். அந்தத் தூக்கு வேலை நேரம் முழுக்க இவர் கண் எதிரே இருந்ததா என்று அவனை ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், வழக்கு ஆடிப்போயிருக்கும். கேட்க ஆள் இல்லை. என் வாயில் அந்தக் கேள்வி இருந்தது. ஆனால் பிறர் பேசியதை மாற்றிச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று துரை கேட்டார். தமிழில் கேட்டேன். அவர் துரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? நீ வக்கீலுக்குப் படிச்சவன்தானே? நீயே எட்த்துச் சொல்லுப்பா."

"என்ன சொல்கிறான்?" என்றார் துரை.

"தனக்காகப் பேச வக்கீல் உண்டா என்று கேட்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"இல்லை என்று சொல்."

இல்லை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான தமிழில், தெளிவாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது. தண்டனையையும் நானேதான் படித்துச் சொன்னேன்.

வீட்டுக்குப் போனபோது அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு?"

"உள்ளே போட்டுட்டாங்க நைனா."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை. தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, "அவன் பொஞ்சாதி கைலயும் நீயே போய்ச் சொல்லிடு, நீதான் நல்லா சொல்லுவே" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் போனபின் அந்த அம்மாள் வீட்டுக்குச் சொல்லப் போனேன்.