வெள்ளிக்கிழமை விற்காதவர்கள்

பினாங்கில் டிரைஷா என்னும் மூன்று சக்கர வண்டி ஓட்டும் சீனர் ஒருவர் காலையில் என்னைப் பார்த்ததும், "ஹாரி இனி கெத்தா பெராப்பா?" என்பார். இன்றைக்கு ரப்பர் என்ன விலை என்று அர்த்தம். அவரிடம் ரப்பர் கம்பெனிப் பங்குகள் இருபது இருக்கின்றன. பங்குத் தரகர் கடையில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கே வந்த புதிதில் இது விசித்திரமாக இருந்தது. எங்கள் கடலூரில் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பார்கள்.

போன வருஷம் லீவில் போனபோது, சிதம்பரத்தில் மாணவர் விடுதியில் வேலை பார்க்கும் என் மச்சான், பல்கலைக்கழகப் பையன்களுக்குப் பங்கு வாங்க, விற்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னான். நான் பத்தாவது தேறாதவன் என்றேன். "அவுங்க பங்குப் பத்திரத்தக் கண்ணால பாத்ததில்ல மாமா. நீங்க பாத்திருக்கீங்களே" என்றான்.

வெள்ளிதோறும் காலை ஏழு மணிக்கு வகுப்பு. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டு, பேப்பரில் வரும் விலைக்கு நோட்டில் வாங்க வேண்டும். கூச்சத்தில் கரும்பலகையைப் பார்த்தே பேசினேன். நான்காவது வாரம், எல்லோரும் வாங்கிய கம்பெனியின் விலை இறங்கியது. விற்கச் சொன்னேன். யாரும் பேனாவைத் தொடவில்லை.

"வெள்ளிக்கெழமை லட்சுமிய வெளிய அனுப்பறதா சார்?" என்றான் அண்ணாகிராமத்து முந்திரித் தோப்புக்காரர் மகன்.

"வித்தா பணம் உள்ளதானே வருது?"

"பத்திரம் வெளிய போவுதே சார்."

"இது பொய்ப் பத்திரம் தம்பி."

"உங்க நெஜப் பங்கா இருந்தா இன்னிக்கு விப்பீங்களா?"

"விப்பேன்" என்றேன். என் சட்டைப் பையில், எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்லி எங்கள் கடைக்கு 'ஸெல் ஆல்' என்று எழுதிய தந்தித் தாள் இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் என் மனைவி ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். என் ரப்பர் பங்குகளை விற்றால் வீடு. வீடு வாங்கினால் ஊரோடு இருந்துவிடலாம்.

வகுப்பு முடிந்து தபால் ஆபீஸ் போனேன். அப்போதே கொடுத்தால் பினாங்கில் சாயங்காலத்துக்குள் விற்றிருப்பார்கள். தந்தி குமாஸ்தா கையை நீட்டினார். நாளைக்கு வருகிறேன் என்றேன்.

"நாளைக்கும் இதே ரேட்டுதான் சார்" என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "ஆமா, வெள்ளிக்கெழம அதுவுமா" என்று மனைவி விளக்கேற்றப் போய்விட்டாள். சனி, ஞாயிறு சந்தை கிடையாது. திங்கட்கிழமை ரப்பர் விழுந்தது. விற்றால் பாதி வீடுதான் வாங்கலாம். பாதி வீடு யாரும் விற்கவில்லை. கப்பல் ஏறினேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் விற்பனைச் சீட்டு எழுதக் கை வருவதில்லை. தவுக்கே, அதாவது முதலாளி, என்னை முஸ்லிம் என்று எண்ணி, தொழுகைக்குப் போக மத்தியானம் ஒரு மணி நேரம் விடுகிறார். விளக்கிச் சொல்லக் கூச்சம். துறைமுகத் தபால் நிலையம் வரை நடந்துவிட்டு வருகிறேன். பையில் அந்தத் தந்தித் தாள் இருக்கிறது. சிதம்பரத்துத் தபால் ஆபீஸ் தாள். இங்கே செல்லாது.