மூன்றாவது பாட்டில் மாமி அழுகிறார்

என் இசைத்தட்டு அலமாரியின் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு மஞ்சள் காதுமூடியைத் தொங்கவிட்டிருக்கிறேன். தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்குப் போடுவார்களே, அந்த வகை. தலைக்கு மேலால் வரும் பட்டி வெடித்திருக்கிறது, ஒரு பக்கத்துப் பஞ்சு பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் கேட்கும் இசை அப்படிப்பட்டது. பங்க், மெட்டல், பிறகு பாடுகிறவரே இல்லாமல் கிட்டார்கள் மட்டும் மெல்ல மெல்ல ஏறிப்போய் ஓரிடத்தில் உடைந்து கொட்டுகிற போஸ்ட்-ராக். "பக்கத்து வீட்டுக்காரருக்கு வாங்கி வைச்சிருக்கிறீரோ?" என்று பகிடி விடுவார்கள். நானும் சிரித்துவைப்பேன். அது என் மாமியுடையது என்று சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்துவிடும், கோபத்தோடு விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்ற எனக்குத் தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமி என் தாய்மாமனின் மனைவி. மாமா நேரத்தோடே கண்ணை மூடிவிட்டார். டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில், கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில், பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் காலை வேலை செய்துகொண்டு மாமி தன் ஒரே மகனை வளர்த்தார். அவன்தான் என் மச்சான். எங்கள் வீடு அடுத்த தெருவில் இருந்தது. மச்சான் ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் படிக்கும்போது இரண்டு டேனிஷ் பெடியன்களோடு சேர்ந்து ஒரு பங்க் குழு தொடங்கினான். கிரின்ஸ்டெட்டில் பஸ்ஸை நம்பிக் காத்திருந்தால் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் பிள்ளையின் பிறந்தநாளுக்குத்தான் போய்ச் சேருவார். ஆகவே மாமியின் பழைய கார்தான் அவர்களுடைய லொறி. பின்னுக்கு அம்ப்ளிஃபயரும் டிரம்சும், நடுவில் நாங்கள், முன்னுக்கு ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு மாமி. பிரெடெரிசியாவிலோ விபோர்க்கிலோ ஒரு மண்டப வாசலில் எங்களை இறக்கிவிட்டு, கோயில் பூசைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர் போல, போர்வையைச் சுற்றிக்கொண்டு காருக்குள்ளேயே இருப்பார். பிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கும். நிகழ்ச்சி முடிந்து வேர்த்து ஒழுகிக்கொண்டு நாங்கள் வரும்போது, "ஜாக்கெட்டைப் போடுங்கோ, சளி பிடிக்கப் போகுது" என்பதுதான் அவருடைய ஒரே விமர்சனம்.

ஒருமுறை பிரெடெரிசியாவில் பனி கொட்டியது. காருக்குள் இருந்தால் விறைத்துப் போவார் என்று வாசலில் ரிக்கெற் கிழித்தவன் மாமியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மண்டபத்துக்குள் விட்டான். மாமி கைப்பையைத் திறந்து, வேலைத்தலத்துக் காதுமூடியை எடுத்து, முக்காட்டுக்கு மேலால் போட்டுக்கொண்டு பின்சுவரோடு நின்றார். சங்கிலியும் தோல்ஜாக்கெட்டுமாக இருந்த அந்தக் கூட்டத்தில் மஞ்சளாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அன்றைக்கு மச்சான் தொண்டை கிழியக் கத்தினான், நிலத்தில் விழுந்து கத்தினான். திரும்பி வரும்போது கார் ஓட்டிக்கொண்டே மாமி கேட்டார்:

"மோனை, ஏன் இப்பிடிக் கத்தினனி? ஆர் செத்தது?"

ஒருவரும் சாகவில்லை, இது பாட்டு என்று அவன் டேனிஷில் சொன்னான். மாமி தமிழில் சொன்னார்: "ஒருத்தரும் சாகாமல் இப்பிடிக் கத்தக் கூடாது. செத்தவீடு இல்லாத இடத்தில ஒப்பாரி வைச்சால் அந்த இடத்துக்குக் கூடாது." பின் சீட்டில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மச்சான் தன் அடுத்த பாட்டுக்கு "ஆர் செத்தது?" என்றே தலைப்பு வைத்தான். டேனிஷ் பெடியன்கள் இருவரும் அதைத் தமிழிலேயே கத்தப் பழகினார்கள்.

மச்சான் செத்தான். இரத்தத்தில் புற்றுநோய். முப்பதைக்கூட அவன் தொடவில்லை. கிரின்ஸ்டெட் மயானத்து மண்டபத்தில் அவனைக் கிடத்தியிருந்தபோது, எங்கள் சனத்தின் செத்தவீடுகளில் இப்போது நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. வீடியோக்காரர் வந்தார், கமெரா மூன்று காலில் நின்றது, இணையத்தில் நேரடியாகப் போனது. கனடாவில் ஒரு சித்தி, இலண்டனில் ஒரு பெரியப்பா, யாழ்ப்பாணத்தில் படுக்கையில் கிடக்கும் அம்மம்மா. விசா எடுத்து வரமுடியாதவர்களுக்கு அழுவதற்கு வேறு என்ன வழி? ஆளுக்கொரு நேரத்தில் விழிப்பவர்கள் பிறகும் பார்க்கவேண்டுமே என்று அந்த வீடியோவை எல்லோரும் பார்க்கக்கூடியதாகவே விட்டுவைத்தோம். வாசல் கதவைத் திறந்துவைத்தால் உறவுதான் உள்ளே வரும் என்று நினைக்கிற சனம் நாங்கள். அன்றைக்கு மாமி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாடினார். பாடமாக்கிய ஒப்பாரி அல்ல, அந்த இடத்திலேயே அவர் வாயில் வந்தது.

கொட்டிற பனிக்குள்ள காருக்குள்ள காத்திருந்தன்
பாட்டு முடிய வருவாயெண்டு பாத்திருந்தன்
எந்தப் பாட்டில நிண்டுபோனாய் என்ரை ராசா
ஏத்திக்கொண்டு போக அம்மா வந்து நிக்கிறன்

மச்சானின் குழுவில் கிட்டார் வாசித்த பெடியனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, "ஆர் செத்தது?" என்பதைத் தவிர. அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான்.

போன இலையுதிர்காலத்தில், எனக்குப் பிடித்த ஒரு போஸ்ட்-ராக் குழுவின் புதிய எல்பி வெளிவந்தது. கொப்பன்ஹேகன் பெடியன்கள். சின்ன, சுதந்திரமான வெளியீட்டகம், பெரிய கொம்பனிகளின் காலில் விழாத ஆட்கள் என்று அவர்கள்மேல் எனக்கு மரியாதை இருந்தது. முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கினேன். வேலையால் வந்து, குளித்து, விளக்கைக் குறைத்துவிட்டுத் தட்டைப் போட்டேன். மூன்றாவது பாட்டில் கிட்டார் மெதுவாகத் தொடங்கியது. பின்னால் ஒரு கதவு கிரீச்சிட்டது, ஒரு ஆண் இருமினார். அந்த இருமல் என் அப்பாவுடையது. அது எப்படி இங்கே வந்தது என்று நினைத்து முடிக்கும் முன் மாமியின் குரல் வந்தது. "பாட்டு முடிய வருவாயெண்டு பாத்திருந்தன்." அதோடு வெட்டிவிட்டு, அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டிருந்தார்கள். மேலே டிரம்ஸ் ஏறியது, கிட்டார்கள் ஏறின, மாமி அழுதார், மறுபடி அழுதார், மறுபடியும் அழுதார்.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். "குரல்: பெயர் அறியாத பெண், இலங்கை" என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். இலங்கையாம்! யூலாந்தின் நடுவில், இவர்கள் தங்கள் வான் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒரு பாதி நாளில் வந்து சேரக்கூடிய ஊரில், இந்த நாட்டுக்கு ஒழுங்காக வரி கட்டிக்கொண்டு ஒரு பெண் இருக்கிறார். அந்த வீடியோவின் கீழே ஊரின் பெயர் டேனிஷ் எழுத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாதா? வாசித்திருப்பார்கள். ஆனால் கிரின்ஸ்டெட் என்று போட்டால் யார் மெய்சிலிர்ப்பார்? அந்த வரிக்கு நேர் கீழே இன்னொன்றும் இருந்தது: "அனுமதியின்றி இதன் எந்தப் பகுதியையும் நகலெடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது." எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். பிடுங்கியதற்குப் பூட்டும் போட்டுவைத்த கெட்டிக்காரரை அன்றைக்குத்தான் கண்டேன். இசை பற்றி எழுதும் இணையத்தளம் ஒன்றில், அந்த மூன்றாவது பாட்டு "தொன்மையான ஒரு சடங்கின் குரல்" என்றும், சொற்கள் புரியாததால்தான் அது நெஞ்சைத் தொடுகிறது என்றும் ஒருவர் உருகியிருந்தார். எனக்குச் சொற்கள் புரியும் ஐயா. அது தொன்மையும் அல்ல. அதில் கார் வருகிறது.

மாமிக்குச் சொல்லாமல் இருக்கலாமா என்று யோசித்தேன். எப்படியும் யாராவது தொலைபேசியில் அனுப்பிவைப்பார்கள், என் வாயால் கேட்பதே நல்லது என்று கிரின்ஸ்டெட்டுக்குப் போனேன். மாமி இப்போது ஓய்வூதியத்தில் இருக்கிறார். குசினி மேசையில் தொலைபேசியை வைத்துப் பாட்டைப் போட்டேன். அந்தக் குரல் தொடங்கியதுமே மாமி கையால் தொலைபேசியை அமத்தினார்.

"நிப்பாட்டு பிள்ளை. வீட்டுக்குள்ள வேண்டாம்."

காரின் திறப்புக் கொத்தை எடுத்தார். நேரே மயானத்துக்குப் போய், வெளியே வாகனம் நிறுத்தும் இடத்தில் காரை விட்டு, "இப்ப போடு" என்றார். பாட்டு முடியும்வரை ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், சண்டைக்கு வருகிறவர் போல என் பக்கம் திரும்பினார்.

"நான் ஒருக்காத்தானே அழுதனான். இதென்ன, திரும்பத் திரும்ப அழ வைக்கிறாங்கள்?"

நான் தொலைபேசியை அணைத்தேன். மாமி அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "இதை வாங்கின பிள்ளையள் வீட்டுக்குள்ள வைச்சே போடுதுகள்?"

"ஓம் மாமி."

"ஐயோ, கூடாதெல்லே. அதுகளுக்கும் தாய் தகப்பன் இருக்கும். நீ அவங்களிட்டைச் சொல்லு, இதை எடுக்கச் சொல்லி."

நான் திருட்டைப் பற்றிக் கொதித்துக்கொண்டிருந்தேன். மாமியோ, திருடியவர்களின் வீட்டில் சாவு விழக்கூடாது என்று கவலைப்பட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

குழுவுக்கு எழுதினேன். வந்த பதிலில் அன்பு வழிந்தது. வீடியோ பொதுவெளியில் இருந்ததாம், தாங்கள் அதை ஒரு மரியாதையாகவே செய்தார்களாம். ஒரு ஞாயிறு பின்னேரம் பிரெடெரிசியாவில் வெளியீட்டு நிகழ்ச்சி இருக்கிறது, இருவரும் விருந்தினராக வாருங்கள் என்றார்கள். மண்டபத்தின் பெயரைப் பார்த்தேன். மாமி அன்றைக்குக் காதுமூடியோடு நின்ற அதே மண்டபம்.

மாமியே கார் ஓட்டினார். உள்ளே, இசைத்தட்டுகளும் பெனியன்களும் விற்கிற மேசைக்குப் பின்னால் அந்தக் குழுவின் கிட்டார்காரன் நின்றான். பார்த்தால் நல்ல பிள்ளைதான். மாமி டேனிஷில் கதைக்கத் தொடங்கியதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். தொழிற்சாலையில் பழகிய தடித்த யூலாந்துப் பேச்சு மாமியுடையது, கொப்பன்ஹேகன்காரன் காதைக் கூர்மையாக்கினால்தான் பிடிபடும். அவனுடைய அம்மா சுகமாக இருக்கிறாரா என்று மாமி முதலில் கேட்டார். இருக்கிறார் என்றான். அப்படியென்றால் இந்தப் பாட்டை வீட்டில் போடாதே, இன்றைக்கு இங்கேயும் போடாதே, இது பிணத்தின் முன்னால் மட்டும் பாடுவது, நான் என் மகனுக்கு ஒருமுறை பாடிவிட்டேன், அது முடிந்தது என்றார். அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டான். அடுத்த பதிப்பில் உங்கள் பெயரைக் கட்டாயம் போடுகிறோம் என்றான். மாமி என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "பேர் போட்டால் ஒப்பாரி பாட்டாகிடுமே?" நான் அதை டேனிஷில் சொன்னேன். அவன் யோசித்தான். பிறகு, இந்த நாட்டில் எல்லாப் பிரச்சினைக்கும் சொல்லப்படும் அந்த வசனத்தைச் சொன்னான்: "நாங்கள் ஒரு தீர்வைக் கண்டுபிடிப்போம்."

அவர்கள் கண்டுபிடித்த தீர்வு இதுதான். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அவன் ஒலிவாங்கியைப் பிடித்து, குரல் தழுதழுக்க, இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இன்றைக்கு எங்களோடு இருக்கிறார், தன் மகனை இழந்த தாய், இந்தப் பாட்டு அவருக்கே சமர்ப்பணம் என்றான். விளக்கு ஒன்று திரும்பி மாமியின் முகத்தில் விழுந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பிக் கை தட்டியது. சிலர் விசிலும் அடித்தார்கள். பெற்ற பிள்ளையின் பிணத்தின் முன் அழுததற்குக் கைதட்டு வாங்கிய வேறொரு தாயை நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு அவன் காலால் ஒரு பொத்தானை மிதித்தான். மாமியின் குரல் நான்கு ஸ்பீக்கரிலும் எழுந்தது.

நான் மேடையை நோக்கிக் கத்தினேன். "நிப்பாட்டு" என்று தமிழில்தான் கத்தினேன் போலிருக்கிறது, கிட்டார்ச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. முன்னால் நின்ற ஒருவன் நானும் சேர்ந்து பாடுகிறேன் என்று நினைத்துப் பெருவிரலைக் காட்டினான். திரும்பிப் பார்த்தேன். மாமி பின்சுவரோடு போய் நின்றிருந்தார். கைப்பையைத் திறந்து, அந்தப் பழைய மஞ்சள் காதுமூடியை எடுத்து, இரண்டு பக்கமும் சரிபார்த்துப் போட்டுக்கொண்டார். கண்ணை மூடவில்லை. பாட்டு முடியும்வரை மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். நிகழ்ச்சி முடிந்து கிட்டார்காரன் ஈரக் கண்களோடு வந்து கட்டிப்பிடித்து ஏதோ நன்றி சொன்னான். மாமி காதுமூடியைக் கழற்றவே இல்லை.

என்னை வீட்டில் இறக்கிவிடும்போதுதான் கழற்றினார். "நீதானே இந்த இடங்களுக்குப் போறனி, வைச்சிரு" என்று என் மடியில் போட்டார். "நான் இனி வரமாட்டன்." பின்விளக்கு திருப்பத்தில் மறையும்வரை நான் வாசலில் நின்றேன்.

அந்த எல்பி இன்னும் என் அலமாரியில்தான், முதுகைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தபடி இருக்கிறது. எறியலாம், ஆனால் மாமியின் குரலைக் குப்பைக்குள் போட எனக்குக் கை வராது. போட்டுக் கேட்கலாம், ஆனால் என் வீட்டில் சாவு இல்லை. அது நன்றாக விற்கிறதாம், இரண்டாம் பதிப்பும் வரப்போகிறதாம். மஞ்சள் காதுமூடி பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இந்த நேரம் எங்கேயோ ஒரு வரவேற்பறையில், நல்ல ஸ்பீக்கர் உள்ள யாரோ ஒருவர் மூன்றாவது பாட்டில் ஊசியை வைக்கிறார். அங்கே மாமி பனிக்குள், காருக்குள், மகனை ஏற்றிக்கொண்டு போகக் காத்திருக்கிறார். அந்தப் பாட்டை முடியவிடாமல் அவர்கள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.