கல்லறைக்குப் போன நாலாவது பெண்

ஷாரோன் இதை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது ஆள் நான். முதல் ஆளிடமும் விசாரித்துவிட்டேன். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்கு நைட் ஷிஃப்ட். விடிந்து மண்ணூர் ரூமுக்கு வந்தால் நிம்மதியாகத் தூங்க முடியாது. தபால்வழியில் வேதாகமப் படிப்பு. அந்த வாரக் கட்டுரை மாற்கு சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம். இயேசுவின் கல்லறைக்குப் போன மூன்று பெண்களின் பெயர்கள் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் உண்டு. ஒரு பழைய பிரதியில் மட்டும் அந்தப் பெயர்கள் விட்டுப்போயிருக்கின்றன. ஏன் என்பதற்கு உரைகாரர்கள் சொல்லும் காரணங்களை எழுத வேண்டும். கூட வேலை செய்யும் அமலா, சபையில் உபதேசியாராக இருந்த தன் அப்பாவின் நோட்டைக் கொடுத்திருந்தாள். உரைகளையெல்லாம் பார்த்து எழுதி வைத்திருக்கிறார், தான் அதைத் திறந்ததே இல்லை என்றாள்.

மதியம் 2.40. கண் எரிந்தது. ரூமில் வேறு யாரும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துப் பிரித்தாள். பதினாறாம் அதிகாரம். பெயர்களை எண்ணினாள்.

நான்கு.

மகதலேனா மரியாள், யாக்கோபின் தாய் மரியாள், சலோமே... கோவிந்தம்மா.

தூக்கக் கலக்கம் என்று முகம் கழுவிவிட்டு வந்தாள். பெயர் அங்கேயேதான் இருந்தது. மற்ற வரிகளில் இருந்த அதே சாய்ந்த கையெழுத்து, அதே நீல மை. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:

'இவள் மட்டும் கல்லுக்கு வெளியே இல்லை. உள்ளே.'

அவள் படித்த எந்த உரையிலும் இப்படி ஒரு வரி இல்லை.

3.05. சர்ர்... கனமான எதையோ தரையில் இழுக்கிற சத்தம். நின்றது. மறுபடியும்... சர்ர்...

"யாரு?"

தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தாள்.

3.10. ஒரு பெண் குரல். கத்திக் கத்தி ஓய்ந்துபோன குரல்.

"யம்மா... இந்தக் கல்ல யார்னா கொஞ்சம் பொரட்டுங்களேன்..."

வாசலில்தான் யாரோ என்று நினைத்தாள்.

குரல் மடியிலிருந்து வந்தது.

நோட்டுக்கு அடியிலிருந்து...

ஓடவில்லையா என்று கேட்டேன். ஓடத் தெம்பில்லை என்றாள். நோட்டின் மேல் கையை வைத்தாளாம். சில்லென்று இருந்ததாம்.

"என்னால முடியலக்கா" என்றாளாம்.

அப்புறம் சத்தமே இல்லை.

அன்று ஷிஃப்டில் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, கோவிந்தம்மா யார் என்று கேட்டாள். அமலா கைவேலையை நிறுத்தாமலே சொன்னாள்.

"எங்கம்மா. குவாரில பாறை சரிஞ்சி உள்ள மாட்டிக்கினாங்க. மிஷின் வர ரெண்டு நாள் ஆச்சி. மொத நாள் பூரா கொரல் கேட்டுக்கினே இருந்துச்சி. மறுநா மூணு மணிக்கு மேல கேக்கல."

அதற்கப்புறம்தான் அப்பா அதை நோட்டில் எழுதினாரா என்று ஷாரோன் கேட்டாள்.

அமலாவின் கை நின்றது.

"அப்பா செத்து ஏழு வருசம் கழிச்சிதான் அம்மா செத்தாங்க."