உடைசல் கடலைமிட்டாய்

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே சாலையோரத்தில் இருக்கும் ஒரு கடலைமிட்டாய்த் தொழிற்சாலையில் நடந்தது இது. அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கல்லூரியில் படித்தபோது, நான் ஏறிய பேச்சுப்போட்டி மேடைகளில் முதல் பரிசு பெரும்பாலும் எனக்குத்தான். அந்தப் பெருமையைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போக எனக்குத் தெரியவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் கம்பெனி வேன், கல்பாக்கம் ஊழியர் பேருந்துகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஊர்ந்துபோகும். கடலோரக் குப்பங்களிலிருந்து பேக்கிங் வேலைக்கு வரும் பெண்கள்தான் அதில் நிறைந்திருப்பார்கள். அவர்களில் ஓர் அக்கா, பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். "இன்னா மைக்கு, இன்னிக்கு யார்கூட சண்ட?" என்பார். என் மேடைப் பேச்சைப் பற்றிக் கேள்விப்பட்டு அவர் வைத்த பெயர் அது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில், அந்தக் கிண்டலுக்காகவே நான் வேன் வருவதற்கு முன்பே போய் நிற்பேன்.

எங்கள் தொழிற்சாலையில் வெல்லப்பாகு காய்ச்சும் கொப்பரைக்கு அடியில் நெருப்பு கிடையாது. கொப்பரைக்கு இரட்டைச் சுவர். ஹீட்டரில் சூடேறிய தெர்மிக் ஆயில் அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே சுற்றி ஓடும். அந்தச் சூட்டில் உள்ளே பாகு காயும். எண்ணெயும் பாகும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. ஆனால் அங்கே ஓடிக்கொண்டிருந்தது சாதாரணத் தொழிற்சாலை எண்ணெய். உணவுத் தொழிலுக்கென்றே தனி வகை ஒன்று உண்டு. எங்காவது கசிந்து மிகச் சிறிதளவு உணவில் பட்டுவிட்டாலும் தீங்கு செய்யாதபடி சோதித்து அனுமதித்தது.

அதற்கு மாற வேண்டும் என்று முதலாளி முன்னிலையில் வாதிட்டேன். இத்தனை வருடங்களில் ஒரு சொட்டுக்கூடக் கசிந்ததில்லை என்றார் பராமரிப்பு மேலாளர். கசியவில்லை என்பது கடந்த காலத்துக்குத்தான் சான்று, நாளைக்கு அல்ல என்றேன். முதலாளி சம்மதித்தார். மேடையிலிருந்து இறங்கியதுபோல அந்த அறையைவிட்டு வெளியே வந்தேன்.

பழைய எண்ணெயை வடித்து, குழாய்களைக் கழுவி, புதியதை நிரப்பி, அதிலிருக்கும் ஈரம் போக மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அதுவரை உற்பத்தி இல்லை. எனக்கு மாதச் சம்பளம். பேக்கிங் பெண்களுக்கோ தினக்கூலி. பண்டிகை நெருங்கும் நேரத்தில் அவர்கள் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. வேலை மறுபடி தொடங்கிய காலையில் வேனில் ஏறினேன். அக்காவின் பை அவர் மடியில் இருந்தது. பக்கத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "மேடம், பின்னால காலியா கீது" என்றார் அக்கா. அதன்பிறகு வேனில் யாரும் என்னை மைக்கு என்று கூப்பிடவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. வெட்டும்போது உடைந்துபோகும் துண்டுகளைப் பெண்கள் மாலையில் பிள்ளைகளுக்கு எடுத்துப்போவார்கள். உடைசல் என்று அதற்குப் பெயர். பேச்சு நின்ற பிறகும், அந்த உடைசல் வாசனையோடுதான் தினமும் பின்னிருக்கையில் வீடு திரும்பினேன்.

தீபாவளி நெருங்கிவிட்ட ஒரு காலையில், எண்ணெய்த் தொட்டியில் அளவு இறங்கியிருந்தது. கொப்பரையைக் காலிசெய்து பார்த்தபோது உள்சுவரின் வெல்டிங்கில் முடி போன்றதொரு விரிசல். முந்தைய நாள் செய்த மிட்டாய் அனைத்தையும் தனியே ஒதுக்கி நிறுத்தினோம். ஆனால் அதன் உடைசல் மட்டும் அன்று மாலையே வீடுகளுக்குப் போயிருந்தது.

செய்தி பேக்கிங் கூடத்துக்குப் போனதும் அக்கா நேரே என்னிடம் வந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"மைக்கு, எம்புள்ள நேத்து துன்னுட்டான். காலையில எந்திரிக்கலன்னு வுட்டுட்டு வந்தேன். தூங்குறான்னு நெனச்சேன். இன்னா ஆவும் அவனுக்கு?"

அன்றே சொன்னேனே என்ற வாக்கியம் முழுதாகத் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினேன். "புது எண்ணெய்தான்க்கா அது. துளி சாப்பாட்டுல பட்டாலும் ஒண்ணும் பண்ணாதுன்னு சோதிச்சது. எவ்ளோ கலந்துச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியாது. வாங்க, டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

"பழசா இருந்தா?"

நான் அவரை அழைத்துக்கொண்டு முதலாளி அறைக்கு நடந்தேன்.

முதலாளி வேனை அனுப்பினார். வழி முழுக்க அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். குப்பத்தில் வேன் நின்றபோது பையன் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை, இரண்டு நாள் கவனியுங்கள் என்றார்கள். மற்ற பிள்ளைகளுக்கும் எதுவும் ஆகவில்லை.

மறுநாள் அக்காவின் பக்கத்தில் எனக்கு இடம் இருக்கும் என்று நம்பி வேனில் ஏறினேன். இருந்திருக்கலாம். ஆனால் வேன் புறப்படுவதற்குள் பராமரிப்பு மேலாளரிடமிருந்து வேனில் இருந்த பேக்கிங் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி வந்தது. இனி உடைசலை யாரும் வெளியே எடுத்துப்போகக் கூடாது, தரக்கட்டுப்பாட்டின் முடிவு என்று அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அந்த முடிவை எழுதிக் கொடுத்தவள் நான்தான். கசிவு ஒருமுறை நேர்ந்த பிறகு, சோதிக்காத துண்டு ஒரு குழந்தையின் கைக்குப் போக என்னால் சம்மதிக்க முடியவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, களைப்புதான். "பின்னால குந்துங்க மேடம்" என்றார்.

இன்றும் அதே வேன்தான், அதே பின்னிருக்கைதான். மாலையில் குப்பத்து நிறுத்தத்தில் அந்தப் பையன் ஓடிவந்து அம்மாவின் பையைத் திறந்து பார்ப்பான். ஒன்றும் இருக்காது. முகம் சுருங்கும், அடுத்த நொடியே கடலைப் பார்த்து ஓடிவிடுவான். அவன் ஓடுவதை ஜன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் என் வாதம் சரிதான் என்று தெரிகிறது. வேன் கிளம்பியதும், என் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதும் தெரிகிறது.