தபனின் பனிக்கோடாரி

மலையேறுகிறவன் சிகரத்தில் நிற்பது சில நிமிடம். கீழே வந்து பதில் சொல்வது ஆயுள் முழுக்க. மலைக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் நண்பன் தபனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது மேல் முகாமில், காலை வெயிலில். இருமல் நிற்காததால் அவன் ஒரு போர்ட்டரோடு கீழே இறங்குவது, நான் மேலே போவது என்று முடிவாகியிருந்தது. எங்கள் மலையேற்றச் சங்கத்தில் நல்ல சாமான் குறைவு. மேலே போகிறவனுக்கு நல்லது, இறங்குகிறவனுக்குப் பழையது என்பது வழக்கம். தன் பனிக்கோடாரியை என்னிடம் கொடுத்துவிட்டு, பிடியில் விரிசல் விட்ட என்னுடையதை வாங்கிக்கொண்டான்.

"இறங்கறதுக்கு இது போதும். நீ மேலே வழுக்கி விழுந்து என் மானத்தை வாங்காதே" என்றான்.

டிராமில் பூட்ஸ்

மலைக்குப் போகுமுன் பனி பூட்ஸ் காலுக்குப் பழக வேண்டுமே என்று, கோடை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டே நானும் தபனும் டாலிகஞ்ச் டிராமில் போவோம். பாரம் பழக முதுகுப் பையில் செங்கல். ஒருநாள் ஒரு பெரியவர் காலை மிதித்துவிட்டேன். வண்டி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. தபன் யாரோ போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கண்டக்டர் குனிந்து என் பூட்ஸை நன்றாகப் பார்த்தார்.

"அண்ணா, பனி எந்த ஸ்டாப்பிங்ல பெய்யுது? சொன்னா நாங்களும் இறங்கிக்கறோம்."

லீவு

நான் துறைமுகத்தில் குமாஸ்தா. மேலதிகாரி தஞ்சாவூர்க்காரர். மலை உச்சியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். பனி, சார் என்றேன். முருகன்? இல்லை, சார். சிவன்? யாருமே இல்லை, சார். நாலு மேஜைக்காரர்களும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

"கோயில்கூட இல்லாத மலைக்கா ஒரு மாசம் லீவு கேக்கறே?"

மாலை

நான் சிகரத்தைத் தொட்டேன். தபன் இறங்கும் வழியில் பனிச்சரிவில் வழுக்கினான். ஊன்றிய கோடாரி விரிசலில் முறிந்துவிட்டது என்று கூடப் போன போர்ட்டர் சொன்னார்.

அந்த வருஷம் டாலிகஞ்சில் தபன் வீட்டுத் தெருக்காரர்கள் பூஜைப் பந்தலில் என்னை மேடையேற்றினார்கள். பக்கத்து நாற்காலியில் அவன் படம். கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றவும் தைரியமில்லை, போட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. போட்டோ எடுக்க வந்தவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அந்தப் படத்தைக் கொஞ்சம் ஓரமா வைங்க. ஜெயிச்சவர் மறையறார்."

மாசிமா

தபனின் அம்மாவை, சித்தி முறையில், மாசிமா என்றுதான் கூப்பிடுவேன். கோடாரியை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குப் பல மாதம் ஆயிற்று. நான் குடியிருந்த டாக்குரியாவிலிருந்து கிளம்புவேன், பாதியில் திரும்பிவிடுவேன். கடைசியில் என் மனைவிதான் கூட வந்தாள்.

"இது தபனோடதுன்னா, அவன் கையில என்ன இருந்தது?" என்று மாசிமா கேட்டாள்.

என்னோடது என்றேன். அவள் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த தடவை போனபோது முற்றத்தில் உட்கார்ந்து, அந்தக் கோடாரியால் அடுப்புக்கு நிலக்கரி உடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"உள்ளே வாப்பா. நல்ல இரும்பு இது. எப்பவும் நல்லதைத்தான் அடுத்தவனுக்குக் குடுப்பான்."

மாசிமாவும் போய், என் மனைவியும் போய், அந்த வீட்டுக்குக் காஸ் அடுப்பும் வந்தாகிவிட்டது. சிகரம் வரை போய் வந்த கோடாரி, முனை மழுங்கி, காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் அங்கே முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.